காப்பியைக் குடியுங்கள், பாஷா

ஐன் ரும்மான் என்ற மலையூரில் சுவைலிமைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இல்லை. பையன் பிறந்த நாளிலிருந்து அவர் அபூ மிக்தாத், மிக்தாதின் அப்பா. கடைக்காரனுக்கும் இமாமுக்கும் தண்ணீர் லாரிக்காகப் போன் செய்கிற பெண்களுக்கும் அதுதான் அவர் பெயர். மிக்தாத் செத்த பிறகும் அதை மாற்ற வழியில்லை. அபூ மிக்தாத், நாளைக்கு ஒரு லோடு வேணும். அபூ மிக்தாத், தெருமுனையில நிக்கிற வண்டிய எடு. ஒவ்வொரு கூப்பாட்டிலும் பையன் ஒருமுறை வந்து போனான்.

அவரைப் பற்றிச் சொல்லும்படியாக ஒன்றுமில்லை என்பதே ஊர் அவரைப் பற்றிச் சொன்னது. கெரக்குக்குத் தெற்கே மலைச்சரிவில் பிறந்தார். மீசை முளைத்ததும் ராணுவத்தில் டிரைவராகச் சேர்ந்தார். சேர்ந்த மாதிரியே, டிரைவராகவே, வெளியே வந்தார். வந்த பணத்தில் பழைய லாரி ஒன்றை வாங்கி, தண்ணீர்த் தொட்டி ஏற்றி, வீடு வீடாகத் தண்ணீர் கொடுத்தார். கல்யாண வீடுகளில் செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவார். யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை, கால் தானாக அங்கே கொண்டுபோய் விடும். காப்பி அவரிடம் வந்து சேரும்போது ஜாடியில் மண்டிதான் இருக்கும். அதையும் தலைகுனிந்து வாங்கிக் குடிப்பார்.

பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவரிடம் ஒரே ஒரு கதை இருந்தது. சர்க்கா முகாமிலிருந்து கிழக்கு எல்லைக் காவல்வரை ஒருமுறை தௌகான் பாஷாவை ஜீப்பில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். பாஷா அப்போதே பெரிய அதிகாரி. வழி முழுக்கப் பாலைவனம். இந்தக் கதையை எங்கே ஆரம்பித்தாலும் மிக்தாத் விடமாட்டான்.

"அப்பா, அவ்வளவு தூரம் போனீங்களே, பாஷா உங்ககிட்ட என்ன பேசினாரு?"

"பெரியவங்க டிரைவர்கிட்ட என்னடா பேசுவாங்க?"

"ஒண்ணுமே பேசலையா?"

"கண்ணாடிய ஏத்துன்னாரு."

வீடே சிரிக்கும். பிறகு அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. யாராவது கோபமாக இருந்தால், யாராவது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தால், மிக்தாத் குரலைக் கனமாக்கிக்கொண்டு, "கண்ணாடிய ஏத்து" என்பான். அவன் ராணுவத்தில் சேர்ந்ததும் இந்தச் சிரிப்பின் தொடர்ச்சிதான் என்று சுவைலிமுக்கு ஓர் எண்ணம். சேர்த்துவிட நாலு பேர் வாசலில் போய் நின்றவர் அவர்தான்.

மிக்தாத் செத்தது ஒரு சனிக்கிழமை. விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். பெரிய சாலையில் ரொட்டிக் கடைக்கு எதிரே சீருடையில் பஸ்ஸுக்கு நின்றான். கையில் அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலம், கீரை வைத்துச் சுட்ட ரொட்டி. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பையன் அய்ஹம், காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு கிழவருடைய வண்டி நகர முடியாமல் நின்றது. மிக்தாத், கொஞ்சம் பின்னால எடுப்பா என்றான். யூனிஃபார்ம் போட்டா சாலை உங்கப்பன் சொத்தா என்றான் அவன். கை கலந்தது. கடைக்காரர்கள் விலக்கிவிட்டார்கள். அய்ஹம் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். ரொட்டிக் கடைக்காரன் மிக்தாதைக் கடைக்குள் வரச் சொல்லியிருக்கிறான். உள்ள வந்தா பஸ் போயிடும் என்று மிக்தாத் சிரித்தானாம். பஸ் அன்றைக்குத் தாமதம். அய்ஹம் கைத்துப்பாக்கியோடு திரும்பி வந்தபோதும் பஸ் வந்திருக்கவில்லை.

ராணுவம் உடலைக் கொடி போர்த்தி அனுப்பியது. அன்று மாலைக்குள் அய்ஹமின் ஆட்கள், அப்பா அம்மா தங்கைகள் சித்தப்பன்கள் என்று எல்லாரும், வீட்டைப் பூட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டார்கள். முறை அது. கொன்றவனின் குடும்பம் செத்தவனின் தாய் கண்ணில் படக் கூடாது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, ரத்தத்துக்கு ரத்தம் கேட்பதில்லை என்று தவணை வைத்தார்கள். தவணை முடிய முடியப் புதுப்பித்தார்கள். அம்மானில் பெருங்குற்ற நீதிமன்றத்தில், சிறையிலிருந்த அய்ஹம் மீதான வழக்கு மெல்ல நகர்ந்தது. செத்தவனின் தாய் தகப்பன் மன்னித்துவிட்டால் தண்டனை பாதியாகிவிடும். சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, ஜாஹா வருகிறது என்று செய்தி வந்தது. அய்ஹமின் ஆட்களுக்காகப் பெரிய மனிதர்கள் கூட்டமாக வந்து கேட்கப்போகிறார்கள். தலைமை தௌகான் பாஷா. ஓய்வு பெற்று, வெள்ளைத் தாடி வைத்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாடு முழுக்கக் கூப்பிடப்படுகிற பாஷா.

மிக்தாதின் அம்மா ஃபித்தா அப்போது முற்றத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைங்களும் பிள்ளைங்களும் ஊருக்குத் திரும்பி வரட்டும்," என்றாள் கணவனிடம். "அந்தப் பொட்டப்புள்ளைங்க என்ன செஞ்சுச்சுங்க? பள்ளிக்கூடம் விட்டுப் போய்க் கெடக்குதுங்க. ஆனா அவன் விஷயம் கோர்ட்டோடது. அதுல நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"நான் எங்க தொறக்கப்போறேன்? பேசறது ஹாஜி முத்லக். நான் சும்மா உக்காந்திருப்பேன்."

"சத்தியமா?"

"உன் தலமேல சத்தியமா."

"என் தல வேணாம். அது ஏற்கெனவே வலிக்குது."

ஹாஜி முத்லக் அவர்கள் வம்சத்துக்கு மூத்தவர். பாஷாவின் ஆட்களோடு முன்கூட்டியே பேசி முடித்திருந்தார். இந்த மாதிரிக் கூட்டங்களில் எல்லாம் முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்கும், கூடாரத்தில் நடப்பது அதை ஊருக்குக் காட்டுவதுதான். குடும்பம் ஊர் திரும்பலாம். மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. சரி என்று அந்தப் பக்கமும் ஒத்துக்கொண்டது.

அன்றைக்குச் சுவைலிம் தம்பி அவ்வாதின் மேலங்கியை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஓரத்தில் பொன்சரிகை.

"அண்ணே, இழுத்து இழுத்து விட்டுக்காத," என்றான் அவ்வாத். "மாப்ள மாதிரி இருக்க."

"சரியா நிக்கலடா."

"மேலங்கி சரியாத்தான் நிக்குது. நீதான் நிக்க மாட்டேங்கற."

கூடாரம் நீளமாக இருந்தது. கார்கள் வந்துகொண்டே இருந்தன. மாஜி மந்திரி ஒருவர், எம்.பி.க்கள், பேராசிரியர்கள். எல்லாரும் வரிசையில் வந்து சுவைலிமின் கையைப் பற்றினார்கள். இன்றைக்கு அவர் இடம் கூடாரத்தின் தலைமாட்டில், ஹாஜி முத்லக்குக்கு வலப்பக்கம். காப்பி ஊற்றுகிறவன் ஜாடியோடு முதலில் பாஷாவிடம் போனான். பாஷா கிண்ணியை வாங்கினார், உதட்டுக்குக் கொண்டுபோகாமல் முன்னால் தரையில் வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை அந்தக் காப்பியை அவர் தொடமாட்டார். கொடுப்பவர் "குடிங்க" என்று சொன்னால் கொடுத்ததாக அர்த்தம். அப்புறம் அதற்கு மேல் பேச்சில்லை.

பாஷா இறைவனைப் புகழ்ந்தார், ராணுவத்தைப் புகழ்ந்தார், மிக்தாதைப் புகழ்ந்தார். குடும்பம் ஊர் திரும்ப அனுமதி கேட்டார். ஹாஜி முத்லக் பதில் சொல்லத் தொண்டையைச் செருமினார். பாஷா கையை உயர்த்தினார்.

"ஹாஜி, மன்னிக்கணும். உங்க தாராளம் எனக்குத் தெரியும். ஆனா ரத்தத்துக்குச் சொந்தக்காரர் இங்க உக்காந்திருக்காரு. நான் அவர்கிட்ட ஒரு வார்த்த பேசிக்கறேன்."

அவர் எழுந்து நடந்து வந்து சுவைலிமின் எதிரே நின்றார்.

"அபூ மிக்தாத், நீ என்னோட டிரைவர்னு சொன்னாங்க. நெசமா?"

யாரோ பாஷாவுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். சுவைலிம் எழுந்து நின்றார். எழ வேண்டும் என்று நினைத்து எழுந்ததல்ல. மேலங்கிக்குக் கீழே குதிகால்கள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"ஆமா, பாஷா."

"எல்லைவரைக்கும் என்னைப் பத்திரமாக் கொண்டுபோய் விட்ட. மறக்க முடியுமா? அபூ மிக்தாத், ஒரு டிரைவர் தன்னோட அதிகாரிய பாதி வழியில எறக்கி விடுவானா?"

கூடாரத்தில் சிரிப்பு எழுந்தது. அன்பான சிரிப்பு. சுவைலிமும் சிரித்தார்.

"மாட்டான், பாஷா."

"அப்ப நான் பாதி வழியில நிக்கறேன். என்னை வீட்டுல கொண்டுபோய்ச் சேத்துடு. குடும்பம் மட்டும் வந்து என்ன பிரயோசனம்? அந்தப் பையன் மேல இருக்கற உன் உரிமைய விட்டுக் குடு. எனக்காக வேணாம், அல்லாஹ்வுக்காக. அப்புறம், உன் மனசிருந்தா, எனக்காகவும்."

சொல்லிவிட்டுக் குனிந்து சுவைலிமின் தோளில் முத்தமிட்டார், பிறகு தாடியில். பாஷாவின் மீது அத்தர் வாசனை அடித்தது. கூடார விளக்குகளில் கண் கூசியது. நூற்றுக்கணக்கான கண்கள். பக்கத்தில் ஹாஜி முத்லக் மேலங்கியின் நுனியைப் பிடித்து இழுப்பது தெரிந்தது.

"காப்பியக் குடிங்க, பாஷா," என்றார் சுவைலிம்.

பாஷா தம் இடத்துக்குத் திரும்பி நடக்கவில்லை. யாரோ கிண்ணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து கொடுத்தார்கள். ஒரே மடக்கு. கூடாரம் முழுக்க இறைவன் பெரியவன் என்ற முழக்கம். ஒலிபெருக்கி அதையெல்லாம் பின்கட்டுக்கும் கொண்டுபோனது. அங்கே பெண்கள் பெரிய தட்டுகளில் சோறு போட்டு, அதன் மேல் தயிர்க்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபித்தா கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். கை கழுவினாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு ஹாஜி முத்லக் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "அபூ மிக்தாத், உன்ன உக்காரச் சொன்னேன். அதுகூட உன்னால முடியல." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

அவ்வாத் ஆத்திரத்தில் கூடாரக் கம்பத்தை உதைத்துக் கால் பெருவிரலை வீங்க வைத்துக்கொண்டான். ஆனால் அவனுக்கும் மறுநாளே மனது மாறிவிட்டது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே சொன்ன வார்த்தையில நிக்கணும். மாத்திப் பேசினா இந்த நாட்டுல ஒருத்தன் நம்ம கையில காப்பி வாங்கிக் குடிக்கமாட்டான்."

"ஃபித்தாகிட்ட என்னன்னுடா சொல்லுவேன்?"

"அண்ணிகிட்ட என்ன சொல்லறது? ஆம்பள பேசிட்டான், அவ்வளவுதான்."

ஃபித்தா அவரிடம் சண்டைபோடவில்லை. அழவும் இல்லை. சமைத்தாள், துவைத்தாள். காப்பி மட்டும் போடவில்லை. ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். கேட்டவர்களிடம், காப்பிக் கொட்டை தீர்ந்துபோச்சு என்றாள். கொட்டை நிறைந்த பை சமையலறையிலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கியது.

மூன்றாம் நாள் காலை சுவைலிம் மொட்டைமாடிக்குப் போனார். தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கத்தான் போனார். தொட்டி நிழலில் உட்கார்ந்து போனை எடுத்தார். கூடாரத்தில் யாரோ எடுத்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். இதுதான் ஆண்மை. இதுதான் மலைநாட்டுப் பெருந்தன்மை. இந்த மனிதரின் காலில் முத்தமிட வேண்டும். மலேசியாவில் படிக்கிற ஒரு பையன்கூட எழுதியிருந்தான். சுவைலிம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். பாஷா எழுந்து நடந்து வருகிறார். குனிகிறார். தாடியில் முத்தமிடுகிறார். சுவைலிம் விரலால் பின்னுக்குத் தள்ளினார். பாஷா மறுபடியும் எழுந்து நடந்து வந்தார்.

கொடியில் துணி உதறும் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஃபித்தா ஈரத் துணிக் கூடையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"எத்தனாவது தடவ?" என்றாள்.

"சும்மா... அவ்வாத் அனுப்பியிருந்தான்."

"எனக்கும் அனுப்பினான். நானும் பாத்தேன். பாஷாவப் பாக்கல, உங்க மூஞ்சியப் பாத்தேன்." ஒரு தலையணை உறையை எடுத்து உதறி, கொடியில் போட்டு, கவ்வியை மாட்டினாள். "மிக்தாத் பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல அப்படிச் சிரிச்சீங்க. அதுக்கப்புறம் இந்தக் கூடாரத்துலதான்."

அவள் கூடையைக் காலி செய்துவிட்டு இறங்கிப்போனாள்.

சுவைலிம் தொட்டி நிழலிலேயே இருந்தார். வெயில் நகர்ந்து கால்மேல் வந்தது. வாய் தவறிவிட்டது, பெரியவர் கேட்டுவிட்டார், சபையில் மறுக்க முடியவில்லை, இப்படியெல்லாம் மூன்று நாளாகத் தமக்குத்தாமே சொல்லிவைத்திருந்தார். ஒன்றும் நிற்கவில்லை. அவர் அந்தக் கூடாரத்தில் சந்தோஷமாக இருந்தார். வாழ்நாளில் முதல்முறையாகக் காப்பி அவரிடம் சூடாக வந்தது. அதை வாங்கிக் குடிக்க அவரிடம் கொடுப்பதற்கு இருந்தது பையன் ஒருவன்தான். அவனைக் கொடுத்துவிட்டார்.

போனிலிருந்து வீடியோவை அழித்தார். அதனால் ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அது எல்லார் போனிலும் இருந்தது.

அய்ஹமின் வீடு திறந்தது. ஜன்னல்களில் திரை தொங்கியது. தங்கைகள் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போவதைச் சுவைலிம் லாரியிலிருந்து பார்த்தார். அதில் அவருக்கு மனத்தாங்கல் இல்லை. ஃபித்தாவுக்கும் இல்லை.

வழக்கு வாய்தாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவ்வாத், அந்தப் பக்கத்து வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தான். வக்கீல் இளைஞர். சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சின்ன சிக்கல், மாமா. மன்னிக்கற உரிம தகப்பனுக்கு மட்டும் இல்ல, தாய்க்கும் ஒரு பங்கு இருக்கு. ரெண்டு பேரும் விட்டாத்தான் ஜட்ஜ் தண்டனையப் பாதியாக்குவாரு. ஒருத்தர் விடலைன்னா முழுசு."

"அவ விடமாட்டா," என்றார் சுவைலிம்.

"கேட்டுப் பாத்தியா?" என்றான் அவ்வாத்.

"காப்பிகூடப் போடமாட்டேங்கறா."

வக்கீல் இருமினார். "மிக்தாத் பென்ஷனுக்காக மாமி உங்க பேருக்கு ஒரு பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் குடுத்திருக்காங்க இல்ல? அது போதும். அவங்க சார்பா நீங்களே சொல்லிடலாம். அவங்க வரவே வேணாம்."

"அதுல அவ ரேக வெச்சது பென்ஷனுக்குப்பா."

"பத்திரத்துல அப்படிப் பிரிச்சு எழுதல, மாமா."

அவ்வாத் தணிந்த குரலில், "அண்ணே, நல்லா யோசி," என்றான். "பாஷா கோர்ட்டுக்கு வராரு. நீ குடிங்கன்னு சொன்ன காப்பி அவரு வயித்துல இருக்கு. இப்ப வந்து, என் பொண்டாட்டி ஒத்துக்கலன்னு சொல்லுவியா? ஒன்ன எவன் மதிப்பான்? எங்க எல்லாரையும் எவன் மதிப்பான்?"

கதவுக்கு அந்தப் பக்கம் தேநீர்த் தட்டில் கண்ணாடிக் குவளைகள் லேசாகக் கிணுகிணுத்தன. ஃபித்தா தட்டை உள்ளே கொண்டுவரவில்லை. வாசலில் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வாய்தா நாள் காலையில் சுவைலிம் தம் பிக்கப் வண்டியை எடுக்க வந்தபோது அவள் ஏற்கெனவே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு அங்கி, வெள்ளைத் தலைத்துணி. இறங்கு என்று சொல்லத் தோன்றியது. ஏறி வண்டியைக் கிளப்பினார்.

பாலைவன நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் அவள் பேசினாள்.

"சட்டைப் பையில என்ன?"

"காகிதம்."

"என் ரேக வெச்சதுதான?"

"ஆமா."

"ம்."

அவ்வளவுதான். அம்மான் வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு முகாம். வாசலில் காவலுக்கு நின்ற பையனுடைய தொப்பி தோள்பட்டியில் செருகியிருந்தது.

நீதிமன்ற அறையில் பெண்கள் வரிசை நிரம்பியிருந்ததால் ஃபித்தாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பாஷா முன்வரிசையில் இருந்தார். கூண்டில் அய்ஹம். நீலச் சட்டை. எடை குறைந்திருந்தான். தலையை உயர்த்தவில்லை. அவனைப் பார்த்தால் கோபம் வரும் என்று சுவைலிம் நினைத்திருந்தார். வரவில்லை. இவனும் நானும் சேர்ந்துதான் மிக்தாதைக் கொடுத்தோம் என்பதுபோல ஒன்று தோன்றியது. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

நடுவில் இருந்த நீதிபதி அவர் பெயரை முழுசாகப் படித்தார். தகப்பன் பெயர், பாட்டன் பெயர், வம்சப் பெயர் எல்லாம். சுவைலிம் முன்னால் வந்து நின்றார்.

"உங்க உரிமைய விட்டுக் குடுக்கறீங்களா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"வார்த்த குடுத்துட்டேன், ஐயா. என் பங்க விட்டுட்டேன்."

"தாயார்?"

வக்கீல் எழுந்தார். "தாயார் சார்பா இவர்கிட்டப் பொது அதிகாரப் பத்திரம் இருக்கு, கனம் நீதிபதி அவர்களே."

சுவைலிமின் கை சட்டைப் பைக்குப் போனது. காகிதம் விரலில் தட்டியது. முன்வரிசையில் பாஷா லேசாகத் தலையசைத்தார். வளைவில் திரும்பு என்று டிரைவருக்குச் சொல்வதுபோல அவ்வளவு சின்ன அசைவு. கை பாதி வெளியே வந்தது.

"இது பென்ஷனுக்கு எழுதினது, ஐயா," என்றார் சுவைலிம். "அவ வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கா. அவளையே கேளுங்க."

பின்னால் அவ்வாத் பல்லைக் கடித்துக்கொண்டு, "அடப்பாவி அண்ணே," என்றது கேட்டது. யாரோ ஒருவன் சிரித்தான். பெண்டாட்டியை வெளியே உட்கார வைத்துக்கொண்டு, அவளையே கேளுங்கள் என்று கைகாட்டுகிற ஆணைப் பார்த்து வருகிற சிரிப்பு. காது மடல் சுட்டது. காகிதத்தை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

ஃபித்தாவைக் கூப்பிட்டார்கள். அவள் மெல்ல நடந்து வந்து அவருக்குப் பக்கத்தில் நிற்காமல் ஓரடி தள்ளி நின்றாள்.

"உம்மு மிக்தாத்," என்று மிக்தாதின் அம்மாவை அழைத்தார் நீதிபதி, "உங்க கணவர் சபையில எல்லார் முன்னாலயும் விட்டுக் குடுத்திருக்காரு. நீங்க?"

"அவர் ஊத்தினது அவர் காப்பிய, ஐயா. என்னுது இன்னும் அடுப்புலயே ஏறல."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பழிவாங்கணும்னு நெனைக்கறீங்களா?"

"இல்ல. அவன் தங்கச்சிங்க பள்ளிக்கூடம் போறத நான்தான் போகட்டும்னேன். அடிதடியில கை மீறிப்போச்சுன்னா நானும் விட்டிருப்பேன், பெத்தவ அவனுக்கும் இருக்கா. ஆனா அவன் வீட்டுக்குப் போனான். வீட்டுல செருப்பக் கழட்டிட்டுத்தான உள்ள போயிருப்பான்? மறுபடி மாட்டிக்கிட்டுதான வந்திருப்பான்? அவ்வளவு நேரம் இருந்துச்சு அவனுக்கு. அதுக்குச் சட்டத்துல என்ன இருக்கோ அதக் குடுங்க. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

கூண்டில் அய்ஹம் முதல்முறையாகத் தலையை உயர்த்தினான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. இருபது வருடம். பாதியாகவில்லை.

ஆனால் ஊரின் தீர்ப்பு அந்த வாய்தா நாளிலேயே வந்துவிட்டது. நீதிமன்ற வராந்தாவில் ஹாஜி முத்லக் சுவைலிமைப் பார்க்காமல் கடந்து போனார். அவ்வாத் அவர் பிக்கப்பில் ஏற மாட்டேன் என்று வேறு வண்டி தேடிப் போனான். கடைசியாகப் பாஷா வந்தார், இரண்டு பக்கமும் ஆட்களோடு. சுவைலிமின் முகத்தைப் பார்த்தார், அதில் யாரும் இல்லாததுபோல. பிறகு படியிறங்கினார்.

சுவைலிமின் குதிகால்கள் முட்டிக்கொண்டன.

அவர் குனிந்து கால்களைப் பார்த்தார். ஃபித்தாவும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு காலை நகர்த்தி வைத்தார். அதற்குள் பாஷாவின் கார்க் கதவு சாத்தும் சத்தம் கீழே கேட்டது.

திரும்பி வரும் வழியில், கத்ரானாவுக்கு முன்னால், சாலையோரக் காப்பிக் கடையில் ஃபித்தா வண்டியை நிறுத்தச் சொன்னாள். தானே இறங்கிப் போனாள். கடைப் பையன் மணலில் வைத்துக் காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு காகிதக் கோப்பைகளோடு வந்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன்னுடையதைக் குடித்தாள், அவசரமில்லாமல், கடைசிவரை. கூடாரம் போட்ட நாளிலிருந்து அவள் வாயில் காப்பி பட்டு அவர் பார்க்கவில்லை.

சுவைலிம் குடிக்கவில்லை. தம் கோப்பையை இருவருக்கும் நடுவே, ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம், முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். அவள் அதைப் பார்த்தாள். அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரியாதவர்கள் இந்த நாட்டில் யாருமில்லை. வாயால் கேட்க அவருக்குத் துணிவில்லை, எந்த வார்த்தையில் கேட்பது என்றும் தெரியவில்லை.

வண்டி கிளம்பியது. ஒவ்வொரு பள்ளத்திலும் காப்பி விளிம்புவரை வந்து சிந்தாமல் திரும்பியது. ஆவி நின்றது. மேலே மெல்லிய ஏடு படிந்தது. பாலைவனம் முடிந்து கெரக்குக்குத் திரும்பும் சாலை வந்தது. குடிங்க என்று அவள் சொல்லுவாள் என்று அதுவரை காத்திருந்தார். மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்து உள்ளே வந்தது. அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கண்ணாடிய ஏத்துங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்ததுபோல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவைலிம் பிடியைச் சுற்றினார். கண்ணாடி மெல்ல ஏறியது. வண்டிக்குள் சத்தம் அடங்கிப்போயிற்று. காப்பி அங்கேயே இருந்தது. அவர் தொடவில்லை.